யோகோ உட்கார்ந்த இடம்

1969 ஜனவரி. லண்டன் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நால்வரும் புதுப் பாட்டுகளுக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். சுற்றிலும் கேமராக்கள் ஓடுகின்றன. ஜான் லெனனின் முழங்கை இடிக்கும் தூரத்தில் அவர் காதலி யோகோ ஓனோ உட்கார்ந்திருக்கிறார். செய்தித்தாள் படிக்கிறார். வந்த தபால்களைப் பிரிக்கிறார். பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறார். இதைப் பற்றி பால் மெக்கார்ட்னி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: இன்னும் ஐம்பது வருஷம் கழித்து, யோகோ ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்ததால்தான் இவர்கள் பிரிந்தார்கள் என்று பேசப்போகிறார்கள், பெரிய தமாஷாக இருக்கும்.

ஐம்பது வருஷமெல்லாம் ஆகவில்லை. அடுத்த ஆண்டே பேச ஆரம்பித்துவிட்டார்கள். எந்த இசைக்குழு உடைந்தாலும், எந்த விளையாட்டு வீரர் சறுக்கினாலும், பக்கத்தில் இருக்கும் பெண்ணை ‘யோகோ’ என்று கூப்பிடும் வழக்கம் மேற்கத்தியப் பத்திரிகைகளில் இன்னும் போகவில்லை. நமக்கும் இந்த நினைப்பு புதிதில்லை. அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போனால், ‘வந்தவள் பிரித்துவிட்டாள்’ என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறவர்கள்தானே நாம். தலையணை மந்திரம் என்று அதற்கொரு சொல்லே வைத்திருக்கிறோம்.

பீட்டில்ஸ் பிரிவில் மனைவிமாருக்கும் காதலிகளுக்கும் பங்கே இல்லை என்று சொல்வதும் மழுப்பல்தான். பங்கு இருந்தது. ஆனால் யார் வழியாக, எந்த வாசல் வழியாக என்று பார்க்கும்போதுதான் கதை மாறுகிறது. யோகோ வந்து உட்கார்ந்தது பாட்டுப் பதிவாகும் அறையில். பாலின் மனைவி லிண்டாவின் அப்பாவும் அண்ணனும் வந்து உட்கார்ந்தது கணக்குப் புத்தகத்தின் முன்னால். நீதிமன்றப் படியேறியது இரண்டாவது விவகாரம். உலகம் திட்டியது என்னவோ முதலாவதை.

முதலில் கொஞ்சம் பின்னால் போகலாம். 1962 ஆகஸ்ட் 23 அன்று லிவர்பூல் பதிவாளர் அலுவலகத்தில் ஜான், சிந்தியா பவலைக் கல்யாணம் செய்துகொண்டார். சிந்தியா அப்போது கர்ப்பமாக இருந்தார். அன்று இரவே குழுவுக்கு செஸ்டர் நகரில் கச்சேரி. மாப்பிள்ளை போய் வாசித்துவிட்டு வந்தார். ரசிகைகள் கூட்டம் கலைந்துவிடும் என்ற பயத்தில் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் இந்தக் கல்யாணத்தையே வெளியில் தெரியாமல் பார்த்துக்கொண்டார். 1965 பிப்ரவரியில் ரிங்கோ ஸ்டார் மாரீன் காக்ஸையும், 1966 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் பாட்டி பாய்டையும் மணந்தார்கள். மனைவிமாருக்கு வீடு, விருந்து, இரவு விடுதி. ஸ்டூடியோ ஆண்களின் இடம். எழுதிவைத்த சட்டம் கிடையாது, ஆனாலும் யாரும் மீறவில்லை. எப்போதாவது எட்டிப்பார்த்து ஒரு கோரஸில் குரல் கொடுப்பதோடு சரி.

பால் விஷயம் வேறு மாதிரி. அவர் 1963 கடைசியிலிருந்து 1966 வரை நடிகை ஜேன் ஆஷரின் பெற்றோர் வீட்டிலேயே, லண்டன் விம்போல் தெருவில், மேல்மாடி அறையில் தங்கியிருந்தார். கிட்டத்தட்ட வீட்டோடு மாப்பிள்ளை. லிவர்பூலிலிருந்து வந்த இளைஞனுக்கு நாடகம், ஓவியம், செவ்வியல் இசை என்று ஒரு புது உலகம் திறந்தது அங்கேதான். அந்த வீட்டு நிலவறையில் இருந்த பியானோவில் பாலும் ஜானும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுப் போட்டிருக்கிறார்கள். ஜேனின் அண்ணன் பீட்டர் ஆஷருக்கு பால் கொடுத்த ஒரு பாட்டு 1964-ல் முதலிடம் பிடித்தது. ஒரு காதலியின் குடும்பம் குழுவின் இசைக்குள் இவ்வளவு தூரம் நுழைந்தும் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. ஏனென்றால் நுழைந்தது பின்வாசல் வழியாக. ஒலிவாங்கிக்கு முன்னால் யாரும் போய் நிற்கவில்லை.

இந்த பீட்டர் ஆஷர் இன்னொரு காரியமும் செய்தார். நண்பர்களோடு சேர்ந்து லண்டனில் இண்டிகா என்ற ஓவியக்கூடத்தைத் தொடங்கினார். பாலும் கூடமாட உதவினார். 1966 நவம்பரில் அங்கே ஒரு ஜப்பானியக் கலைஞரின் கண்காட்சி. அதைப் பார்க்கப் போன ஜான், அவரை அங்கேதான் முதல்முறை சந்தித்தார். யோகோவைக் குழுவுக்குள் கொண்டுவந்த பாதையைத் தேடிப் போனால், அது பாலின் ‘மச்சான்’ நடத்திய கடையில் போய் நிற்கிறது. இதை ஏனோ யாரும் குற்றப்பத்திரிகையில் சேர்ப்பதில்லை.

1967 ஆகஸ்ட் 27 அன்று எப்ஸ்டைன் இறந்தார். வீட்டுப் பெரியவர் போன மாதிரிதான். அதுவரை யாரிடம் என்ன கையெழுத்துப் போட்டோம் என்றுகூடச் சரியாகத் தெரியாமல் இருந்த நான்கு பேரும், இருபதுகளின் நடுவில், ஒரு பெரிய வியாபாரத்தைத் தாங்களே நடத்தவேண்டிய நிலைக்கு வந்தார்கள். நடத்தத் தெரியவில்லை. சரி, அதற்குப் பிறகு வருவோம்.

1968 பிப்ரவரியில் எல்லோரும் மனைவி, காதலியோடு ரிஷிகேசத்துக்கு, மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். ஜானோடு சிந்தியாவும் வந்திருந்தார். ஆனால் ஜான் காலையில் எழுந்து போனது தபால் பார்க்க. யோகோவிடமிருந்து அஞ்சலட்டைகள் வந்துகொண்டிருந்தன. திரும்பிய பிறகு, மே மாதம் சிந்தியா கிரீஸுக்குப் போயிருந்த ஓர் இரவில் ஜானும் யோகோவும் சேர்ந்து ஒலிநாடாக்களில் விளையாடி விடிய விடிய ஓர் இசைத்தட்டுக்கான பதிவைச் செய்துமுடித்தார்கள். ஜானுக்கு அன்று கிடைத்தது காதலி மட்டும் இல்லை. கூடவே உட்கார்ந்து வேலை செய்ய ஒரு ஆள் கிடைத்தார். அதுவரை அந்த இடம் பாலுடையது. தன் வாழ்நாளில் ஓர் இரவுக்கு மேல் சேர்ந்து வேலை செய்தது இரண்டே கலைஞர்களோடுதான், பாலும் யோகோவும், என்று 1980-ல் ஜான் சொன்னார். குழுவுக்கு வலித்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன். மனைவி வந்ததை எல்லோரும் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். வந்தவர் சக கலைஞர், இன்னொரு பால்.

மே 30 அன்று, பிற்பாடு ‘வெள்ளை ஆல்பம்’ என்று பெயர்பெற்ற இரட்டை இசைத்தட்டின் பதிவு தொடங்கியது. முதல் நாளே யோகோ ஜானோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வெளியே போகவில்லை.

இது ஏன் அவ்வளவு உறுத்தியது என்று புரிய, அந்த அறைக்குள் வேலை எப்படி நடந்தது என்று தெரியவேண்டும். இஎம்ஐ ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர்களும் மாடியில், கண்ணாடிக்குப் பின்னால். கீழே நால்வர் மட்டும். பாதி எழுதிய பாட்டை ஒருவர் வாசித்துக் காட்டுவார். நன்றாக இல்லையென்றால் மற்றவர் மூஞ்சியிலேயே சொல்லிவிடுவார். அரைகுறையாக இருப்பதைக் கூச்சமில்லாமல் காட்ட, வெட்கப்படத் தேவையில்லாத ஆட்கள் மட்டும் இருக்கவேண்டும். பதினைந்து, பதினாறு வயதிலிருந்து கூடவே வளர்ந்தவர்கள் என்பதால் பால், ஜான், ஜார்ஜ் மூவருக்கும் அது முடிந்தது. அங்கே ஐந்தாவதாக ஒருவர் உட்கார்ந்து, போதாக்குறைக்கு அபிப்பிராயமும் சொல்லும்போது, மற்றவர்கள் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். ஜானிடம் ‘இந்த வரி சரியில்லை’ என்று சொல்வது இப்போது அவர் காதலியின் முன்னால் சொல்வதாக ஆகிவிடுகிறது.

யோகோ பக்கத்தில் நின்று பார்த்தால் படம் மாறும். அவர் வெறும் ரசிகை இல்லை. ஜானைவிட ஏழு வயது மூத்தவர், நியூயார்க்கின் புதுமைக் கலை வட்டத்தில் ஏற்கெனவே பெயரெடுத்தவர். தன்னை எங்கேயும் விட்டுப் போகாமல் கூடவே வைத்துக்கொள்ள விரும்பியது ஜான்தான். கழிவறை வரைக்கும்கூடக் கூடவே போவார்கள் என்று மற்றவர்கள் கேலி பேசியதில், போகச் சொன்னது யார் என்ற பேச்சு வரவே இல்லை.

அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டில் யோகோவின் குரல் ஒற்றை வரியைத் தனியாகப் பாடுகிறது. பீட்டில்ஸ் பாட்டில் ஒரு பெண்குரல் அப்படி ஒலித்தது அதுதான் முதல்முறை. எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒலிக்கோவை ஒன்றை ஜானும் யோகோவும் ஜார்ஜும் சேர்ந்து உருவாக்கியபோது பால் ஊரிலேயே இல்லை. பழைய ரசிகர்களுக்கு அதைக் கேட்டால் இன்றும் தலைவலி. எனக்கும் முழுதாகக் கேட்கப் பொறுமை கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே பதிவு நாட்களில் நடந்த மற்ற சண்டைகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஜூலையில் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக், இந்தச் சூழலில் வேலை செய்ய முடியாது என்று பாதியில் போய்விட்டார். ஆகஸ்ட் 22 அன்று ரிங்கோவும் குழுவை விட்டு வெளியேறினார். தன் வாசிப்பு சரியில்லை, மற்ற மூவரும் நெருக்கமாக இருக்க தான் மட்டும் வெளியாள் போல இருக்கிறேன் என்பது அவர் குறை. சார்டீனியாத் தீவில் ஒரு படகில் கொஞ்ச நாள் இருந்து, ஒரு பாட்டும் எழுதிக்கொண்டு திரும்பினார். அவருடைய டிரம்ஸைப் பூக்களால் அலங்கரித்து வைத்திருந்தார்கள். இந்தக் கதையில் எந்தப் பெண்ணும் இல்லை. ஜானும் பாலும் நேருக்கு நேர் உட்கார்ந்து பாட்டுக் கட்டுவது 1966 ஆகஸ்டோடு குறைந்துவிட்டது. அந்த மாதம்தான் அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதை நிறுத்தினார்கள். ஒரே ஹோட்டல் அறையில், ஒரே வேனில் அடைந்துகிடந்தவரைக்கும் சேர்ந்து எழுதினார்கள். தனித்தனி வீடு, தனித்தனி ஸ்டூடியோ வந்ததும் தனித்தனியாக எழுதினார்கள். யோகோ உட்கார்ந்த நாற்காலி அப்போதே பாதி காலியாகத்தான் இருந்தது.

ட்விக்கன்ஹாமுக்குத் திரும்புவோம். 1969 ஜனவரி 10 அன்று ஜார்ஜ் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் கழித்து, சிற்றுண்டிச்சாலையில் ஒரு பூத்தொட்டிக்குள் படக்குழு ஒளித்துவைத்த ஒலிவாங்கியில் ஜானும் பாலும் பேசிக்கொண்டது பதிவாகியிருக்கிறது. பேச்சு யோகோவைப் பற்றியது இல்லை. ஜார்ஜை எத்தனை வருஷமாக நாம் மட்டம் தட்டினோம், அந்தப் புண்ணுக்கு நாம் மருந்து போடவே இல்லையே என்பதுதான் பேச்சு. 

யோகோவை முழுதாக விடுதலை செய்துவிடவும் முடியாது. இடையில் ஞாயிற்றுக்கிழமை ரிங்கோ வீட்டில் சமாதானம் பேசக் கூடினார்கள். அது உருப்படியாக முடியவில்லை. ஜான் வாயைத் திறக்கவே இல்லை, அவருக்காக யோகோவே பேசினார் என்று மறுநாள் மற்றவர்கள் பேசிக்கொள்வது பதிவில் இருக்கிறது. நண்பனோடு சண்டை போட்டுவிட்டுச் சமாதானத்துக்கு வந்தவன், எதிரில் நண்பன் இருக்க, நண்பனின் துணையிடம் பதில் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஜானுக்கு அப்போது ஹெராயின் பழக்கமும் இருந்தது. அதைப் பிறகு அவரே சொல்லிவிட்டார். பேசாத ஜானுக்குப் பின்னால் அதுவும் இருந்திருக்கும்.

அதே ஜனவரி 13 அன்று பால் பேசுவதைக் கேட்டால் மனுஷன் எவ்வளவு தெளிவாக இருந்தார் என்று தெரியும். அவர்கள் சேர்ந்தே இருக்க ஆசைப்படுகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். யோகோவா நாமா என்று ஜானை நெருக்கினால் அவர் யோகோவைத்தான் தேர்ந்தெடுப்பார். சாராம்சம் இதுதான்.

ஜூலையில் வந்தது கட்டில் விவகாரம். ஸ்காட்லாந்தில் ஜான் ஓட்டிய கார் விபத்துக்குள்ளானது. கர்ப்பமாக இருந்த யோகோவுக்குப் படுத்த படுக்கையாக ஓய்வு வேண்டும் என்றார்கள். ஜான் ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு கட்டிலை வரவழைத்தார். அதற்கு மேலே ஒரு ஒலிவாங்கியும் தொங்கவிடப்பட்டது, படுத்தபடியே கருத்துச் சொல்ல. கடைசியாகப் பதிவு செய்த ஆல்பத்தின் பாட்டுகள் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் உருவாயின. ஜார்ஜின் பிஸ்கட்டை யோகோ எடுத்துத் தின்றதற்கு அவர் வெடித்தார் என்று எமரிக் சொல்லியிருக்கிறார். பத்து வருஷக் கோபம் வெளியே வர ஒரு பிஸ்கட் போதும்தான். ஆனாலும் அந்த ஆல்பம் கேட்கும்போது காதில் விழுவது சண்டை இல்லை. மூன்று பேர் குரலும் ஒன்றாகக் குழையும் இடங்கள் அவர்கள் செய்ததிலேயே உச்சம்.

ஏப்ரல் 14 அன்று நடந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜானும் யோகோவும் மார்ச் 20 அன்று ஜிப்ரால்டரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தக் கல்யாணக் கதையையே ஜான் பாட்டாக எழுதினார். ஜார்ஜ் வெளிநாட்டில், ரிங்கோ சினிமாப் படப்பிடிப்பில். ஜானால் காத்திருக்க முடியவில்லை. பால் வந்தார். டிரம்ஸ், பாஸ், பியானோ எல்லாம் அவரே வாசித்தார். யோகோவின் பெயரைத் தலைப்பில் கொண்ட, யோகோவைக் கைபிடித்ததைப் பற்றிய பாட்டு, பால் இல்லாமல் உருவாகியிருக்காது. பிரிவதற்கு முன் பிரிட்டனில் பீட்டில்ஸ் கடைசியாக முதலிடம் பிடித்த பாட்டும் அதுவே. யோகோமேல் தீராத பகை இருந்தவர் செய்கிற காரியமா இது?

காதலும் பிரிவும் மட்டுமே குழுக்களை உடைக்கும் என்றால் ஃப்ளீட்வுட் மாக் என்ற ராக் குழு 1976-லேயே காணாமல் போயிருக்கவேண்டும். பாட்டி பாய்டின் தங்கை ஜென்னி பாய்டும் அன்று ரிஷிகேசத்தில் இருந்தார். அவர் பின்னால் அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட்டை மணந்தார். அந்தக் கல்யாணம் முறிந்தது. குழுவுக்குள்ளேயே இருந்த ஜான் மெக்வீ, கிறிஸ்டீன் மெக்வீ தம்பதி பிரிந்தார்கள். லிண்ட்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் காதலும் முறிந்தது. எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில். கிறிஸ்டீன் தன் புதுக் காதலரைப் பற்றி எழுதிய பாட்டுக்கு முன்னாள் கணவர் பாஸ் கிட்டார் வாசித்தார். 1977-ல் வந்த அந்த ஆல்பம் 4 கோடிக்கு மேல் விற்றது, அதே ஐவரும் அதற்குப் பிறகும் பத்து வருஷம் சேர்ந்திருந்தார்கள். 1974-ல் பழைய மேலாளரோடு மோதிச் சூடுபட்டிருந்த மிக் ஃப்ளீட்வுட், அதன் பிறகு நிர்வாகத்தைக் குழுவின் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்கவேண்டும். மனசு உடைந்தது, கல்லாப்பெட்டி ஒன்றாகவே இருந்தது.

பீட்டில்ஸுக்கு அங்கேதான் விரிசல்.

1969 ஜனவரியில் ஜான் ஒரு நிருபரிடம், எங்கள் ஆப்பிள் நிறுவனம் இப்படியே பணத்தை இழந்தால் ஆறு மாதத்தில் திவால்தான் என்று உளறிவைத்தார். நியூயார்க்கில் அதைக் கேள்விப்பட்ட ஆலன் க்ளைன் லண்டனுக்கு வந்து இறங்கினார். கணக்காளராகத் தொழிலைத் தொடங்கியவர், இசைத்தட்டு நிறுவனங்கள் மறைத்துவைத்த ராயல்டியைத் தோண்டி எடுப்பதில் கில்லாடி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர். டார்செஸ்டர் ஹோட்டலில் ஜானையும் யோகோவையும் சந்தித்தார். எந்தப் பாட்டில் எந்த வரி ஜான் எழுதியது என்று ஒப்பித்தார். யோகோவை ஒரு கலைஞராக மதித்துப் பேசினார்; லண்டனில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. இருவரும் ஒரே இரவில் விழுந்தார்கள். ஜார்ஜும் ரிங்கோவும் பின்னாலேயே வந்தார்கள்.

பால் வேறு ஆளைக் கைகாட்டினார். அவர் காதலி லிண்டா ஈஸ்ட்மேன் அமெரிக்கப் புகைப்படக்காரர். ராக் கலைஞர்களைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர். லிண்டாவின் அப்பா லீ ஈஸ்ட்மேன் நியூயார்க்கில் கலைஞர்களுக்கும் இசைப் பதிப்பாளர்களுக்கும் வழக்கறிஞர். அண்ணன் ஜான் ஈஸ்ட்மேனும் வழக்கறிஞர். குழுவின் விவகாரங்களை இவர்கள் பார்க்கட்டும் என்றார் பால். தொழில் தெரிந்தவர்கள்தான், நேர்மையானவர்கள்தான். ஆனால் மற்ற மூவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நான்கு பங்காளிகள் நடத்தும் கடைக்கு, ஒரு பங்காளியின் மாமனாரையும் மச்சானையும் கணக்குப் பார்க்கவைத்தால் மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்களா? நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அவர்கள் யார் பக்கம் பேசுவார்கள்? இதைப் புரிந்துகொள்ள ஜானுக்கு யாருடைய தலையணை மந்திரமும் தேவைப்படவில்லை.

கொஞ்ச நாள் இரண்டு தரப்பையும் வைத்துப் பார்த்தார்கள். பிப்ரவரியில் க்ளைனுக்கு வரவுசெலவு, ஈஸ்ட்மேன்களுக்குச் சட்ட விவகாரம். ஒரு சந்திப்பில் லீ ஈஸ்ட்மேன் பொறுமை இழந்து க்ளைனைக் கண்டபடி திட்டினார். கண்ணியமான பெரிய மனுஷர் என்று கேள்விப்பட்டிருந்த ஜானுக்கு அதைப் பார்த்ததும் க்ளைன் மேல் பிடிப்பு இன்னும் இறுகியது. லீ ஈஸ்ட்மேனின் பிறவிப் பெயர் எப்ஸ்டைன். இதைத் தெரிந்துகொண்டு, க்ளைன் வேண்டுமென்றே அந்தப் பழைய பெயரைச் சொல்லிச் சீண்டுவார் என்பார்கள்.

மார்ச் 12 அன்று பால் லிண்டாவை லண்டன் மேரில்போன் பதிவாளர் அலுவலகத்தில் மணந்தார். மற்ற மூவரில் ஒருவர்கூடக் கல்யாணத்துக்கு வரவில்லை. அதே மாதம், ஜான் யோகோவோடு தேனிலவில் இருக்கும்போது, அவர்கள் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் நிறுவனத்தில் தன் பங்குகளை இசைப் பதிப்பாளர் டிக் ஜேம்ஸ் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். மீட்கப் போராடும்போது ஒரு கணக்கு வெளியே வந்தது: பாலின் பெயரில் 7,51,000 பங்குகள், ஜானின் பெயரில் 6,44,000. இருவருக்கும் சமம் என்று இருந்ததில், பால் சத்தமில்லாமல் கூடுதலாக வாங்கிச் சேர்த்திருந்தார். ஜான் கொதித்துப்போனார். நிறுவனத்தை மீட்க வாங்கும் கடனுக்கு ஈடாக உன் பங்குகளையும் வை என்று க்ளைன் பாலிடம் கேட்டபோது, வேண்டாம் என்று ஈஸ்ட்மேன்கள் தடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல ஆலோசனை. குழுவுக்கு? அந்தக் கம்பெனி அவர்கள் கையை விட்டுப் போனது.

மே 9, வெள்ளிக்கிழமை இரவு. ஒலிம்பிக் ஸ்டூடியோவில் ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் க்ளைனுக்கு 20 சதவீதம் என்ற ஒப்பந்தத்தை நீட்டினார்கள். 15 போதும், திங்கட்கிழமை பேசலாம் என்றார் பால். இப்பொழுதே போடு என்றார்கள். பால் போடவில்லை. மூவரும் கோபமாக வெளியேறினார்கள். அந்தச் சமயம் அங்கே இருந்த அமெரிக்கக் கலைஞர் ஸ்டீவ் மில்லரின் பாட்டு ஒன்றுக்கு, ஆத்திரம் தீர பால் டிரம்ஸ் அடித்துத் தள்ளினார். குழு உடைந்த தேதி ஒன்றைச் சொல் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அதுவரை முக்கியமான முடிவுகளை நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் எடுப்பார்கள். மூன்றுக்கு ஒன்று என்று ஆனது இங்கேதான்.

செப்டம்பர் 20 அன்று ஜான் மற்றவர்களிடம் சொன்ன சொல் ‘விவாகரத்து’. சிந்தியாவிடமிருந்து வாங்கியதைப் போல ஒன்று வேண்டும் என்றார். ஒரு வாரம் முன்புதான் டொராண்டோவில் யோகோவோடும் வேறு கலைஞர்களோடும் மேடையேறி, பீட்டில்ஸ் இல்லாமலும் பாட முடியும் என்று பார்த்திருந்தார். வியாபார ஒப்பந்தங்கள் கெடக்கூடாது என்று விஷயத்தை வெளியில் விடவில்லை. பால் குடும்பத்தோடு ஸ்காட்லாந்துப் பண்ணைக்குப் போய்க் குடியில் மூழ்கினார். காலையில் படுக்கையை விட்டு எழவே மனமில்லாத மனிதரை மீட்டெடுத்தது லிண்டாதான் என்று பால் பலமுறை சொல்லியிருக்கிறார். 1970 ஏப்ரல் 10 அன்று தன் தனி ஆல்பத்தோடு பால் வெளியிட்ட கேள்வி பதிலில் பிரிவுக்குக் காரணம் சொன்னார்: தனிப்பட்ட வேறுபாடு, வியாபார வேறுபாடு, இசையில் வேறுபாடு, எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தோடு இருப்பது இதைவிடச் சந்தோஷமாக இருக்கிறது. ஜானுக்கு யோகோ புதுக் கூட்டாளி. பாலுக்கு லிண்டா ஒதுங்க ஒரு திண்ணை. இரண்டு பேருக்கும் இப்போது போக்கிடம் இருந்தது. பிடிக்காத குழுவில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் சட்டச் சிக்கல். 1967 ஏப்ரலில் நால்வரும் போட்ட கூட்டு ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கானது. பாட்டு எழுதும் வருமானம் தவிர, தனித்தனியாகச் சம்பாதித்தாலும் எல்லாம் பொதுப் பெட்டிக்கு. அந்தப் பெட்டியின் சாவி க்ளைனிடம். க்ளைன் மேல் வழக்குப் போட முடியாது, கூட்டை உடைக்க வேண்டுமென்றால் கூட்டாளிகள் மேல்தான் போடவேண்டும் என்றார் மச்சான் ஜான் ஈஸ்ட்மேன். பால் மாதக்கணக்கில் தயங்கினார். 1970 டிசம்பர் 31 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவர் மேலும் வழக்குப் பதிவானது. 1971 மார்ச் 12 அன்று, பாலின் இரண்டாவது கல்யாண நாளில், நீதிபதி ஸ்டாம்ப் குழுவின் சொத்துக்களுக்கு நிர்வாகி ஒருவரை நியமித்து பாலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1973-ல் மற்ற மூவரும் க்ளைனை விட்டு விலகினார்கள். பாலின் சந்தேகம் சரியாக இருந்திருக்கலாம் என்று ஜானே ஒப்புக்கொண்டார். 1979-ல் வருமான வரி வழக்கில் க்ளைன் குற்றவாளி என்று தீர்ப்பாகி, சிறைக்கும் போய்வந்தார்.

ஆக, மாமனார் சொன்னது சரி. ஆனால் மாமனார் சொன்னதால்தான் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு ஆவணங்கள் இருந்தும் பழி யோகோ மேல் மட்டும் ஒட்டிக்கொண்டதற்கு அவருடைய முகமும் ஒரு காரணம். போர் முடிந்து கால் நூற்றாண்டுகூட ஆகாத இங்கிலாந்தில், பிரிட்டிஷ் இளைஞர்களின் செல்லப்பிள்ளையை ஒரு ஜப்பானியப் பெண் கைபிடித்திருந்தார். அமெரிக்க இதழ் ஒன்று 1970-ல் ஜப்பானியர் ஆங்கிலம் உச்சரிப்பதை நையாண்டி செய்து அவரைப் பற்றிய கட்டுரைக்குத் தலைப்பே வைத்தது. லிண்டாவையும் ரசிகைகள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் சில வருஷத்தில் அது ஓய்ந்தது. 1971-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், யோகோ இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார் என்று தொகுப்பாளர் டிக் கேவெட் சொன்னதும் ஜார்ஜ் பதறுவதுபோல் நடித்து எழுந்தார். அரங்கம் சிரித்தது. பிறகு உட்கார்ந்து அவர் நிதானமாகச் சொன்னார்: யோகோ வருவதற்கு வெகுகாலம் முன்பே குழுவில் பிரச்சினைகள் இருந்தன. சிரிப்புதான் ஊருக்கு நினைவிருக்கிறது. 2012-ல் பாலும் தன்னைப் பேட்டி கண்ட டேவிட் ஃப்ராஸ்டிடம், குழுவை யோகோ உடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கூட்டைச் சட்டப்படி கலைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட 1974 டிசம்பரில் நியூயார்க் ப்ளாஸா ஹோட்டலில் கூடினார்கள். ரிங்கோ முன்பே இங்கிலாந்தில் போட்டுவிட்டார். பாலும் ஜார்ஜும் வந்து போட்டார்கள். அதே ஊரில் இருந்த ஜான் மட்டும் வரவில்லை, கிரகம் சரியில்லையாம். பத்து நாள் கழித்து, டிசம்பர் 29 அன்று, பத்திரத்தை வழக்கறிஞர் ஒருவர் ஃப்ளோரிடாவுக்கே எடுத்துக்கொண்டு போனார். டிஸ்னி வேர்ல்டில் ஒரு ஹோட்டல் அறை. ஜான் தன் மகன் ஜூலியனை விடுமுறைக்கு அங்கே அழைத்து வந்திருந்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடும்போது படம் எடுத்தவர் மே பாங், ஜானின் அப்போதைய காதலி. ஜானும் யோகோவும் அந்தச் சமயம் பிரிந்திருந்தார்கள். கடைசிக் கையெழுத்து விழுந்த அந்த அறையில் யோகோ இல்லை.